ரசமும் கீரையும் ஏழைச் சாப்பாடா?

“ராத்திரிக்கு என்ன?”

தோட்டத்து லயமானாலும் சரி, பகாவ் பட்டணத்து அடுக்குமாடி வீடானாலும் சரி, பொழுது சாய்ந்தால் நம் வீடுகளில் எழும்புகிற கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரி. இரண்டு பேருமே அன்றைக்கு வேலைக்காட்டில் வெயிலும் மழையும் பட்டு வந்தவர்கள்தான். ஒருவர் செம்பனைக் குலை வெட்டியிருப்பார், இன்னொருவர் உதிரிப் பழம் பொறுக்கியிருப்பார். ஆனாலும் கேள்வி ஒரு பக்கமிருந்துதான் வருகிறது. அந்த நியாயத்தைப் பிறகு பேசுவோம்.

அந்த நேரத்தில் கைக்குச் சுலபமாக எட்டுவது மீ பொட்டலம். தண்ணீர் கொதித்தால் போதும், பிள்ளைகள் சத்தம் அடங்கிவிடும். பசார் மாலாம் கூடுகிற நாள் என்றால் பொரித்த கோழியும் மீ கோரிங்கும் பையில் வரும். வீட்டில் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, புளியும் பூண்டும் இருக்கிறது, கொல்லையில் முருங்கை நிற்கிறது. ஆனால் ரசம் வைத்தால், “வெறும் ரசந்தானா?” என்று பிள்ளை முகத்தைச் சுளிக்கிறது. சொந்தக்காரர் யாராவது அந்த நேரம் பார்த்து வந்துவிட்டால், அம்மாவே ரசச் சட்டியை மூடி வைத்துவிட்டுக் கடைக்கு ஆளை ஓட்டுகிறாள். கீரையும் ரசமும் கையில் காசில்லாதவன் தின்பது என்று நமக்குள்ளே ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது.

அந்த வெட்கந்தான் நம் உடம்பைக் கெடுக்கிறது என்பது என் கட்சி. கேட்டுவிட்டு மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

நம் சாப்பாட்டைப் பற்றி நமக்கே தெரியாத ஒரு சரித்திரம் இந்த நெகிரி செம்பிலானிலேயே நடந்திருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்றொரு நோய் ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. முதலில் கால் மரத்துப் போகும், பிறகு வீங்கும், நடக்க முடியாது. முற்றினால் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இதில் ஏராளமாகச் செத்தார்கள். தோட்டங்களில் இருந்த தமிழர்களிடம் மட்டும் அது அவ்வளவாகத் தலைகாட்டவில்லை. இங்கே மாநில அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்ற வெள்ளைக்காரர் இதைக் கூர்ந்து கவனித்தார். சுரங்கத்து ஆட்கள் சாப்பிட்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசி. நம் ஆட்கள் சாப்பிட்டது ஊரிலிருந்து பழகிய புழுங்கல் அரிசி. வித்தியாசம் சட்டியில்தான் இருக்கிறது என்று அவர் 1907-ல் ஒரு புத்தகமே எழுதினார். தீட்டிய அரிசியில் ஏதோ விஷம் சேர்கிறது என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் சந்தேகப்பட்ட பொருள் சரியானதே.

அதே 1907-ல், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்க்க இறங்கினார்கள். நமக்குப் பக்கத்து ஜெலபு மாவட்டத்தில் டுரியான் திப்புஸ் என்ற காட்டுப் பகுதியில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவாக்காரத் தொழிலாளர்கள் சுமார் 300 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசிக்காரர்களைப் பெரிபெரி பிடித்தது. புழுங்கல் அரிசிக்காரர்களுக்கு ஒன்றுமில்லை. இடத்தில் கோளாறோ என்று ஆட்களின் குடிசையை மாற்றியும் பார்த்தார்கள். நோய் இடத்தோடு போகவில்லை, அரிசியோடுதான் போயிற்று. (நோய் வருகிறதா என்று பார்க்க எப்போதும் தொழிலாளியின் உடம்புதான் அகப்படுகிறது. துரைமார் மேசையில் யாரும் சோதனை நடத்தவில்லை.)

நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 என்ற சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்குகிறது. பச்சை நெல்லைத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது. நம் முன்னோர்கள் இதைத் தெரிந்து செய்தார்கள் என்று நான் பெருமையடிக்க வரவில்லை. ஊரில் தின்றதை இங்கேயும் தின்றார்கள், அவ்வளவுதான். ‘கூலிச் சாப்பாடு’ என்று இளப்பமாகப் பேசப்பட்ட அந்தச் சாப்பாடு அவர்கள் உயிரைக் காத்தது.

இன்றைக்கு நம் கவலை பெரிபெரி அல்ல, இனிப்பு நீர். சுகாதார அமைச்சு 2019-ல் எடுத்த கணக்கில் இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. அதாவது மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் ஏறக்குறைய ஒருவருக்கு. 2023-ல் எடுத்த கணக்கில் நாட்டு விகிதம் 15.6-க்கு இறங்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் நம்மவர்கள் இன்னமும் முன் வரிசையில்தான் நிற்கிறோம். கால் விரல் எடுத்தவர், கண் மங்கியவர், வாரம் மூன்று நாள் ‘டயாலிசிஸ்’ போகிறவர் என்று நம் தெருவிலேயே எண்ணிவிடலாம்.

நம் தட்டைப் பாருங்கள். நடுவில் சோறு மலை மாதிரி நிற்கும். அதன் மேல் குழம்பு ஓடும். கறியோ மீனோ இரண்டு துண்டு. காய் என்பது ஊறுகாய் அளவுக்கு ஓர் ஓரத்தில். காண்டா தூக்கி ஒரு நாளைக்கு இரண்டு தடவை மேடு ஏறி இறங்கிய காலத்தில் அந்த மலையைக் கரைக்க உடம்புக்குத் தெம்பு இருந்தது. இன்று லாரி ஓட்டுகிறோம், ‘கார்டு’ வேலை பார்க்கிறோம், தொழிற்சாலையில் நின்ற இடத்தில் நிற்கிறோம். மலை மட்டும் குறையவில்லை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, மீதி பாதி காய் கீரை பழம் என்று சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ பிரச்சாரம் செய்கிறதே, அது வேறொன்றுமில்லை. கீரைச் சட்டியைப் பெரிதாக்கு, சோற்றுச் சட்டியைச் சிறிதாக்கு என்பதுதான்.

அதனால் வெறும் ரசச் சோறு போதும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று அகப்பை சோற்றில் ரசத்தை ஊற்றிக் குழைத்து அடிப்பது சோறு தின்பதுதான். ரசத்துக்குப் பக்கத்தில் கீரை வேண்டும், பருப்போ முட்டையோ மீனோ வேண்டும்.

“அதெல்லாம் ஆக்க யாருக்கு நேரம் இருக்கு?” என்று கேட்பீர்கள். அடுப்பங்கரையில் நின்றே கணக்குப் போடலாம், வாருங்கள். மைசூர்ப் பருப்பு இரண்டு கைப்பிடி கழுவி, தண்ணீர் தாராளமாக விட்டு, மஞ்சளும் நாலு பல் பூண்டும் போட்டு ஏற்றுங்கள். ஊற வைக்க வேண்டாம், இருபது நிமிஷத்தில் மலர்ந்துவிடும். பக்கத்து அடுப்பில் அரிசி. பருப்பு வேகிற நேரத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டு முருங்கைக் கீரையை உருவச் சொல்லுங்கள். கைபேசியைக் கீழே வைக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. பருப்பு வெந்ததும் மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை இறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் ரசத்துக்கு. நெல்லிக்காய் அளவு புளி, பிசைந்த தக்காளி ஒன்று, தட்டிய மிளகு சீரகம் பூண்டு, கறிவேப்பிலை. நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் ரசம் கசாயமாகிவிடும். அடியில் தங்கிய கெட்டிப் பருப்பில் கீரையைக் கொட்டி, மூன்று நாலு நிமிஷம் வதக்கி, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் போட்டால் கூட்டு ஆயிற்று. ஒரே பருப்பு, இரண்டு பதார்த்தம். முட்டை இருந்தால் இரண்டு உடைத்து ஊற்றிக் கிளறிவிடுங்கள். சோறு வடிகிற நேரத்துக்குள் எல்லாம் தயார். மீ பொட்டலத்தைவிட அரை மணி நேரம் அதிகம், அவ்வளவுதான்.

முருங்கைக் கீரை இல்லாவிட்டால் தண்டுக்கீரை, கங்குங், சாயூர் மானிஸ் எதுவும் ஆகும். தேங்காய் கிடைத்த நாளில் அதே கீரையை நெத்திலியோடு சொதி வைத்தால் பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்னும். தேங்காய்ப் பால் தினம் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் போதும்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2019 கணக்கெடுப்பில், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் 10 பேரில் 3 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள், கிளினிக்கில் இரத்தம் சோதியுங்கள். கீரையில் இரும்புச் சத்து இருக்கிறது. ஆனால் அது உடம்பில் சேர எலுமிச்சை, தக்காளி மாதிரி ஒரு புளிப்புப் பழம் கூட வேண்டும். கூட்டின் மேல் அரை எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். தேயிலை அந்தச் சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். தேத்தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், யார் வேண்டாம் என்றது?

சம்பளத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கைகொடுப்பது சார்டின் டின். அதை நான் குறை சொல்ல மாட்டேன். வெங்காயம் நிறைய அரிந்து போட்டு, பச்சை மிளகாய் கீறி, கொஞ்சம் புளி விட்டு வதக்கினால் நாலு பேருக்கு ஒரு டின் காணும். அந்த மெத்தென்ற முள்ளையும் சேர்த்துத் தின்னுங்கள், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில்தான். கறிக்கு உப்புப் போடுமுன் ருசி பாருங்கள். டின்னிலேயே உப்பு இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு சின்னக் கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மீ பொட்டலத்துத் தூளைப் பார்த்தால், பல பொட்டலங்களில் அந்த ஒன்றிலேயே பாதிக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. கருவாடும் அப்படித்தான். வெந்நீரில் ஊறப்போட்டு, இரண்டு முறை அலசிவிட்டு ஆக்குங்கள். இரத்தக் கொதிப்புக்காரர் வீட்டில் கருவாடு மாதத்துக்கு ஒரு முறை வாசனைக்கு இருந்தால் போதும்.

மரவள்ளிக் கிழங்கைப் பற்றிப் பேசாமல் பகாவில் சாப்பாட்டைப் பற்றி எழுத முடியாது. ஜப்பான்காரன் காலத்தில், 1943 இறுதியிலிருந்து, சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்கள், யுரேசியர்களும் சீனர்களுமாகச் சுமார் 3,000 பேரை இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். ‘ஃபூஜி-கோ’ என்று அந்தக் குடியேற்றத்துக்குப் பெயர். காட்டை வெட்டி நீங்களே விளைவித்துச் சாப்பிடுங்கள் என்றார்கள். மண்வெட்டி பிடித்தறியாத பட்டணத்து மக்கள். நெல் சரியாக வரவில்லை. மரவள்ளியும் வள்ளிக் கிழங்கும்தான் வயிற்றை நிரப்பின. மலேரியாவும் பசியும் சேர்ந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றன. அவர்களுக்குத் தலைமை தாங்கி வந்த பிஷப் டெவால்ஸ் அவர்களும் 1945 ஜனவரியில் காலமானார். சுற்றியிருந்த தோட்டங்களிலும் அதே கிழங்குதான், அதே காய்ச்சல்தான். அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் பலர் சாகும்வரை மரவள்ளியைத் தொடவில்லை. “அதைத் தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சு” என்பார்கள்.

கிழங்கு வயிற்றை நிரப்பும், சதையை வளர்க்காது. அதில் மாவுதான் உண்டு, புரதம் மிகக் குறைவு. அன்று அதனோடு வைத்துத் தின்ன மீனும் பருப்பும் கிடைக்கவில்லை. இன்று கிடைக்கிறது. அவித்த மரவள்ளியும் நெத்திலிச் சம்பாலும், கூட ஒரு கீரையும் வைத்தால் அது நல்ல ராத்திரிச் சாப்பாடு. ஆனால் கிழங்கு தின்கிற அன்றைக்குச் சோறு வேண்டாம், இரண்டும் ஒரே சரக்குதான். தோலை நன்றாகச் சீவி, நறுக்கி, தட்டுப் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். கசக்கிற கிழங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கிழங்கில் இயற்கையாகவே ஒரு விஷச் சத்து உண்டு, வேகவைத்து வடித்தால்தான் போகும்.

இனி விலைக்கு வருவோம். குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் 1,700 வெள்ளி ஆனது. 2013-ல் முதன்முதலாகச் சட்டம் வந்தபோது 900 வெள்ளி. ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை ஒரே நாளில் டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியதும், உள்ளூர் அரிசி கடையிலிருந்து மாயமாய் மறைந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சம்பளம் வருஷக் கணக்கில் ஏறுகிறது, அரிசி ஒரு ராத்திரியில் ஏறுகிறது. அரிசி விலை ஏறினால் நம் வீட்டில் முதலில் குறைவது அரிசி அல்ல, மீனும் காயும்தான். உடம்புக்கு வேண்டியது எதுவோ அதுதான் முதலில் வெட்டப்படுகிறது. அரசாங்க மானியத்தில் 1 கிலோ எண்ணெய்ப் பொட்டலம் 2 வெள்ளி 50 காசு. நாள் முழுக்கச் செம்பனைக் குலை இறக்குகிற நம் ஆட்களே அந்தப் பொட்டலத்துக்குக் கடை கடையாய் அலைகிறார்களே, அதை என்னவென்று சொல்வது? மலிவு என்று பொரித்த எண்ணெயிலேயே மறுபடி மறுபடி பொரிக்கவும் வேண்டாம். கறுத்த எண்ணெயைக் கொட்டிவிடுங்கள்.

விலை ஏறாத ஒரே கடை கொல்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி நிலமும் ஒரு குழாய்த் தண்ணீரும் இருந்தால் கீரைக்குக் காசு வேண்டாம். கெடிஸ், ஜெராம் பாடாங் போன்ற தோட்டங்களில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள், வீட்டுக்கு வீடு முருங்கையும் வாழையும் நின்ற கதையைச் சொல்வார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கு அந்தப் பாத்தியும் போயிற்று. இன்னும் தோட்டத்தில் இருக்கிறவர்கள் வீட்டைச் சுற்றியுள்ள இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கே புல்லுக்கு மருந்து அடிக்கக் கூடாது என்று கிளைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு நிர்வாகத்திடம் கொடுங்கள். சம்பள உயர்வைப் போல இதுவும் கோரிக்கைதான். பாராகுவாட் 2020 முதல் தடை செய்யப்பட்டது. ஆனால் வேறு மருந்துகள் இருக்கின்றன. மருந்து அடித்த சாலையோரத்தில் கீரை பறிக்க வேண்டாம். மருந்தடி வேலைக்குப் போய் வந்தவர் குளித்து உடுப்பு மாற்றாமல் அடுப்பங்கரைக்குள் கால் வைக்கவும் வேண்டாம்.

முதலில் ஒத்திவைத்த வழக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் சம வேலைக்குச் சமச் சம்பளம் என்று மேசையைத் தட்டுகிற தோழர், வீட்டுக்கு வந்ததும் “சோறு ஆச்சா?” என்று நாற்காலியில் சாய்கிறார். அதே வெயிலில் அதே நிரையில் நின்றுவிட்டு வந்தவள், அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். களைத்துப் போனவள் மீ பொட்டலத்தைப் பிரித்தால் அது அவள் குற்றமா? கீரை உருவுவதற்கும் வெங்காயம் அரிவதற்கும் மீசை தடையில்லை. கல்யாண வீட்டில் அண்டாவில் நூறு பேருக்கு ஆக்குகிறவர்கள் ஆண்கள்தானே? வீட்டில் நாலு பேருக்கு ஆக்கக் கை கூசுவது ஏன்? ஆள் ஒருவர் அரிய, ஒருவர் தாளிக்க, அந்த அரை மணி நேரம் கால் மணி நேரமாகிவிடும்.

உடம்பு சரியில்லாதவர்களுக்குப் புழுங்கல் அரிசிக் கஞ்சியை மிஞ்சியது இல்லை. ஒரு கை அரிசி, அரைக் கரண்டி வெந்தயம், ஆறேழு பல் பூண்டு. பூண்டு மசிகிறவரை வேகட்டும். கூடத் தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையலோ ஒரு அவித்த முட்டையோ வையுங்கள். இனிப்பு நீர்க்காரர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். குழைய வெந்த கஞ்சி சோற்றைவிடச் சீக்கிரம் சீனியை ஏற்றிவிடும், அதனால் சின்னக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் புழுங்கல் அரிசிச் சோறே, அளவோடு, உதிர உதிர வடித்தது நல்லது. புழுங்கல் அரிசி என்பதற்காக மலை கட்டினால் அதுவும் சீனிதான். ‘சீனி கூடிப் போச்சு’ என்று பயந்து, மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு படுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் ஆபத்து, தூக்கத்திலேயே சீனி இறங்கி மயக்கம் போட்டுவிடும். மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

ராத்திரி மிஞ்சிய சோற்றை ஆறியவுடனே சுத்தமான சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். விடியற்காலை இருட்டோடு வேலைக்குப் போகிறவருக்கு அது போதும். ஒரு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், ராத்திரிக் கூட்டில் மிச்சம் இருந்தால் அதைச் சுட வைத்து ஒரு கரண்டி. நம் வெக்கைக்குச் சோறு சீக்கிரம் கெடும். வழவழப்போ கெட்ட வாடையோ வந்தால் கோழிக்குக் கொட்டிவிடுங்கள்.